மதியம் தூங்கியதால்தான் கிரீஸ் திவாலானதா?

காலை நடையில் என்னோடு வருகிறவர்களில் பாதிப் பேர் ஓய்வுபெற்றவர்கள். உலக விஷயம் எதைப் பேசினாலும் பேசுவோம். ஆனால் கிரீஸ் என்ற பெயர் வாயில் வந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே தீர்ப்புதான். "அவனுக மதியம் மூணு மணி நேரம் தூங்குறவனுக அண்ணாச்சி. கடன் வாங்கித் தின்னுட்டு மஞ்சக் கடுதாசி கொடுத்தவனுக." இதைச் சொல்கிற நண்பர் தினமும் சாப்பிட்டவுடன் நாலு மணி வரை ஃபேனுக்குக் கீழே படுத்திருக்கிறவர் என்பது வேறு விஷயம்.

எனக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. 2006 முதல் 2017 வரை பதினோரு வருஷம் நான் பிரேயஸ் நகரத்தில் இருந்தவன். கடலில் சீஃப் இன்ஜினீயராக ஓடி முடித்து, கரை வேலைக்கு வந்தபோது ஒரு கிரேக்கக் கப்பல் கம்பெனி ஆபீஸில் சூப்பரின்டெண்டன்ட் வேலை கிடைத்தது. பிரேயஸ் ஏதென்ஸின் துறைமுகம். அக்தி மியாவுலி என்ற கடற்கரைச் சாலை நெடுகக் கப்பல் கம்பெனிகளும் இன்ஷூரன்ஸ்காரர்களும் சாமான் சப்ளை செய்கிறவர்களும்தான். உலகக் கப்பல் கொள்ளளவில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கிரேக்கர்கள் கையில் இருக்கிறது என்றால், அதில் பெரும்பகுதிக்கு உத்தரவு போவது இந்த வட்டாரத்து மேஜைகளிலிருந்துதான். தூத்துக்குடிக்காரனுக்கு உப்புக் காற்றும் துறைமுகச் சங்குச் சத்தமும் புதிதில்லை. அதனால் ஊர் சீக்கிரம் ஒட்டிக்கொண்டது.

முதலில் அந்தத் தூக்கத்தைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். அங்கே மதிய அமைதி என்பது பழக்கம் மட்டும் இல்லை, போலீஸ் உத்தரவு. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை மாலை 3 முதல் 5.30 வரை, மற்ற மாதங்களில் 3.30 முதல் 5.30 வரை சத்தம் போடக்கூடாது. டிரில் மெஷின் ஓட்டினால், பாட்டுச் சத்தத்தைக் கூட்டினால், பக்கத்து வீட்டுக்காரர் போலீஸுக்குப் போன் செய்யலாம். நாங்கள் குடியிருந்தது கஸ்தேலா என்ற மேட்டில், ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில். வீட்டுக்காரி சாவியைக் கொடுக்கும்போதே இந்த நேரத்தையும் சொல்லித்தான் கொடுத்தாள். அன்றிலிருந்து மிக்ஸியில் இட்லி மாவு அரைப்பதெல்லாம் எங்கள் வீட்டில் மாலை ஐந்தரைக்குப் பிறகுதான். ஜூலை மாதம் வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்த நேரத்தில் தெருவில் பூனைகூட நடக்காது. ஜன்னல் மரக்கதவுகள் எல்லாம் சாத்தியிருக்கும்.

இதைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு வாரச் சுற்றுலாவுக்கு வந்த வடக்கத்திய ஐரோப்பியர்கள் ஊருக்குப் போய்ச் சோம்பேறி நாடு என்று எழுதினார்கள். அவர்கள் பார்க்காத பாதியை நான் சொல்கிறேன். எங்கள் கட்டடத்துக்குக் கீழே ஒரு ஹார்டுவேர் கடை. செவ்வாய், வியாழன், வெள்ளி மூன்று நாளும் காலை 9 முதல் 2.30 வரை, பிறகு மாலை 5.30 முதல் இரவு 9 வரை. மற்ற மூன்று நாள் காலை மட்டும். கூட்டிப் பாருங்கள், வாரத்துக்கு நாற்பத்து மூன்றரை மணி நேரம் கடை திறந்திருக்கிறது. சரக்கு எடுக்கப் போவது, கணக்கு எழுதுவது எல்லாம் அதற்கு வெளியே. அரசாங்க ஆபீஸில் மூன்று மணிக்கு விட்டால், அங்கே வேலை செய்கிற பலருக்குச் சாயங்காலம் இன்னொரு வேலை உண்டு. எங்கள் ஆபீஸில் மதியத் தூக்கம் என்ற பேச்சே கிடையாது. கப்பல் சிங்கப்பூரில் நிற்கும்போது பிரேயஸில் மணி என்ன என்று யார் பார்க்கிறார்கள்? இரவு ஒரு மணிக்கு அலறும் போனை எடுத்து, காலை ஒன்பதுக்கு மேஜையில் உட்கார்ந்தவர்கள்தான் என்னோடு வேலை பார்த்த கிரேக்கர்கள்.

ஓ.இ.சி.டி. அமைப்பின் கணக்கும் இதையே சொல்கிறது. அந்த நெருக்கடி வருஷங்களில் ஒரு கிரேக்கத் தொழிலாளி வருஷத்துக்குச் சராசரியாக 2,000 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தார். ஜெர்மன்காரர் சுமார் 1,400 மணி. மணிக்கணக்கு வேறு, உற்பத்தி வேறு என்பார்கள். அது நியாயமான வாதம். ஆனால் அது இயந்திரம், முதலீடு, தொழிலின் அளவு பற்றிய வாதம். தூக்கத்தைப் பற்றியது இல்லையே.

ஊர் எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது 'நே' என்ற சொல்லைத்தான். கிரேக்கத்தில் நே என்றால் ஆமாம். இந்தி 'நஹி'யும் ஆங்கில 'நோ'வும் காதில் பழகியவனுக்கு இது பெரிய சோதனை. இல்லை என்பதற்கு வாயைத் திறப்பதே குறைவு. தலையை மேலே ஒரு வெட்டு வெட்டி, நாக்கால் 'ச்' கொட்டுவார்கள். நம் ஊரில் இல்லை என்பதற்குச் 'ச்' கொட்டுகிறோமே, ஏறக்குறைய அதேதான். அதனால் அவர்கள் 'ஆமாம்' எனக்குப் புரியாவிட்டாலும் 'இல்லை' உடனே புரிந்தது!

பிறகு காப்பிக் கடை. கஃபெனியோ என்பார்கள். சின்னப் பித்தளைப் பாத்திரத்தில் தூளும் சர்க்கரையும் தண்ணீரும் சேர்ந்தே கொதிப்பதால் இனிப்பு எவ்வளவு என்று முதலிலேயே சொல்லியாக வேண்டும். ஸ்கேத்தோ என்றால் சர்க்கரை இல்லை, மேத்ரியோ என்றால் அளவாக, கிளிகோ என்றால் தித்திப்பாக. கூடவே ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்காமலே வரும். ஒரு காப்பியை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்காரலாம். எழுந்து போ என்று முகத்தால்கூடச் சொல்ல மாட்டார்கள். 70, 80 வயதுக்காரர்கள் கையில் மணிமாலையை உருட்டிக்கொண்டு அரசியலும் கால்பந்தும் பேசுவார்கள். அந்த மாலை ஜபத்துக்கு இல்லை, விரலுக்கு ஒரு வேலை, அவ்வளவுதான். வயதானவனுக்கு வீட்டுக்கு வெளியே உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்பதை அந்த ஊர் தெரிந்து வைத்திருந்தது.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு ஒரு தகவல். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் வருஷத்தில் பல நாள் விரதம் இருப்பவர்கள், ஈஸ்டருக்கு முன் மட்டுமே 40 நாளுக்கு மேல். இறைச்சி, முட்டை, பால் எதுவும் கிடையாது. அதனால் கடையில் "நிஸ்திசிமோ" என்று ஒரு சொல் சொன்னால் போதும். வெள்ளை மொச்சை போன்ற பெரிய பயறு, பருப்புக் கடைசல், எண்ணெயில் வெந்த வெண்டைக்காய் எல்லாம் வரும். ஆனால் ஒரு எச்சரிக்கை: ரத்தம் இல்லாத பிராணி என்று சொல்லி, கணவாயையும் இறாலையும் விரதச் சாப்பாட்டில் சேர்த்துவிடுவார்கள். என் மனைவி சைவம். ஒவ்வொரு முறையும் "கணவாய் வேண்டாம், இறாலும் வேண்டாம்" என்று அதையும் சேர்த்துச் சொல்வாள். இவள் ஏதோ கடுமையான நேர்த்திக்கடன் பிடிக்கிறாள் என்று பரிமாறுகிறவர்கள் மரியாதையாகப் பார்ப்பார்கள்.

வாரத்தில் ஒரு நாள் எங்கள் பக்கத்துத் தெரு முழுக்கச் சந்தை கூடும். 'லைகி' என்று பெயர். கோடை காலத்தில் அங்கே 'விலித்தா' என்று ஒரு கீரை குவிந்து கிடக்கும். முதல் வாரமே என் மனைவி கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம தண்டுக்கீரைல்லா!" என்றாள். அந்த இனமேதான். அவர்கள் வேகவைத்து எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றிச் சாப்பிடுவார்கள். பருப்புக்கீரையும் கிடைக்கும், அதைப் பச்சையாக சாலட்டில் போடுவார்கள். துவரம்பருப்புக்கும் புளிக்கும் மட்டும் மின்சார ரயில் ஏறி ஏதென்ஸ் ஒமோனியா பக்கம் போக வேண்டும். அங்கே வங்காளதேசக்காரர்கள், பாகிஸ்தானியர்கள் கடைகள் வரிசையாக உண்டு.

எதிர் ஃபிளாட் பாட்டிக்குத் திருஷ்டி கழிக்கத் தெரியும். தண்ணீரில் ஆலிவ் எண்ணெய் சொட்டு விட்டுப் பார்ப்பாள். எண்ணெய் கரைந்து பரவினால் கண்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த மந்திரத்தைப் பெண் ஆணுக்கும், ஆண் பெண்ணுக்கும்தான் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். என் மனைவி உப்பும் மிளகாயும் சுற்றிப் போடும் முறையை அவளுக்குக் காட்டினாள். இரண்டு பேருக்கும் பொதுவாக இருபது வார்த்தை தேறாது. ஆனாலும் ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2009 கடைசியில் புதிதாக வந்த அரசு, பழைய அரசு காட்டிய கணக்கு பொய், பற்றாக்குறை 12 சதவீதத்துக்கும் மேல் என்றது. பின்னால் அது 15-ஐத் தாண்டியது. 2010, 2012, 2015 என்று மூன்று முறை கடன் உதவி. ஒவ்வொரு உதவிக்கும் ஒரு வெட்டு. முதல் கத்தி விழுந்தது பென்ஷனில். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கோடைக்கு என்று வந்துகொண்டிருந்த கூடுதல் பென்ஷன் நின்றது. பிறகு மாதப் பென்ஷனிலேயே திரும்பத் திரும்பக் கை வைத்தார்கள். 2013-இல் வேலையில்லாதோர் 27 சதவீதம். இளைஞர்களில் பாதிக்கு மேல்.

எங்கள் இரண்டாவது மாடியில் ஒரு பெரியவர் இருந்தார். கப்பலில் போசனாக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "சீஃப்" என்றுதான். அவர் மகளுக்கு வேலை போய், குழந்தையோடு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். வெட்டுப்பட்ட ஒரு பென்ஷனில் மூன்று தலைமுறை. அந்த வருஷங்களில் அப்படி இல்லாத கட்டடம் எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லை என்று நினைக்கிறேன். குடும்பத்தை விடமாட்டார்கள், பெற்றோர் வீட்டுக் கதவு திறந்தே இருக்கும் என்பதைத்தான் வெளியூர்ப் பத்திரிகைகள் பழமைவாதம் என்று எழுதின. அரசு கைவிட்டபோது அந்தப் பழமைதான் சோறு போட்டது.

2012 இலையுதிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் மீது வரியை உயர்த்தினார்கள். அங்கே கட்டடத்துக்கு ஒரே கொதிகலன், செலவை எல்லா ஃபிளாட்டும் பங்கு போட்டுக்கொள்ளும். கூட்டம் போட்டோம். பாதிப் பேரால் பங்கு கொடுக்க முடியவில்லை. எண்ணெய் வாங்குவதில்லை என்று முடிவானது. பிரேயஸில் பனி கொட்டாதுதான், ஆனால் ஜனவரி ராத்திரியில் ஐந்தாறு டிகிரி என்பது சிமெண்டு வீட்டுக்குள் சாதாரணக் குளிர் இல்லை. ஜனங்கள் விறகு எரித்தார்கள். பழைய மேஜை நாற்காலியை எரித்தவர்களும் உண்டு. அந்தக் குளிர்காலம் முழுக்க ஏதென்ஸ் மேலே புகை மூட்டம் கிடந்தது. போசன் கம்பளிக் கோட்டோடுதான் படுத்தார். மதியம் தூங்குகிற சோம்பேறி!

அதே வருஷம் ஏப்ரலில், நாடாளுமன்றத்துக்கு எதிரே சிந்தாக்மா சதுக்கத்தில், 77 வயதான ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர் தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தார். குப்பையில் சாப்பாடு தேடும் நிலைக்குப் போவதற்கு முன் கௌரவமாகப் போகிறேன் என்ற பொருளில் சீட்டு எழுதி வைத்திருந்தார். மறுநாள் கஃபெனியோவில் யாரும் கால்பந்து பேசவில்லை.

2015 ஜூன் 29 அன்று வங்கிகளை மூடினார்கள். ஏ.டி.எம்.மில் ஒரு நாளைக்கு 60 யூரோதான். பென்ஷன்காரர்களில் பலரிடம் கார்டே கிடையாது. அவர்களுக்காக மட்டும் சில கிளைகளைத் திறந்து, பெயரின் முதல் எழுத்து வரிசைப்படி நாள் பிரித்து, ஆளுக்கு 120 யூரோ வரை கொடுத்தார்கள். போசன் காலை ஆறு மணிக்குப் போய் நின்றார். பதினொன்றரைக்குக் கையில் 120 யூரோவோடு திரும்பி வந்தவர், என்னைக் கஃபெனியோவுக்கு இழுத்துப்போய் இரண்டு காப்பி சொல்லி, காசையும் அவரே வைத்தார். நான் தடுத்தேன். தலையை மேலே வெட்டிச் 'ச்' கொட்டினார். அங்கே அழைத்தவன்தான் கொடுக்க வேண்டும். பெயர் நாள் கொண்டாட்டத்தில்கூட நண்பர்கள் விருந்து வைப்பதில்லை, கொண்டாடுகிறவன்தான் வைப்பான்.

அப்படியென்றால் அவர்கள் மேல் தப்பே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. நிறைய உண்டு. ரசீது கேட்டால் ஒரு விலை, கேட்காவிட்டால் ஒரு விலை. டாக்டருக்கு உறையில் பணம் வைத்துக் கொடுப்பதற்கு 'ஃபகெலாக்கி' என்று செல்லப் பெயரே இருக்கிறது. கடினமான, ஆபத்தான வேலை என்ற பட்டியலில் முடி திருத்துகிறவர்களையும் சேர்த்து முன்கூட்டியே பென்ஷன் கொடுத்தார்கள். எனக்குச் சம்பளம் கொடுத்த தொழிலையும் நான் விட்டுவிடக்கூடாது. அங்கே கப்பலுக்கு வரி டன் கணக்கில்தான், லாபத்தின் மேல் இல்லை. அந்தச் சலுகைக்கு அரசியல் சட்டத்திலேயே பாதுகாப்பு உண்டு. போசனின் பென்ஷனில் வெட்டு விழுந்த வருஷங்களிலும் அதில் பெரிதாக யாரும் கை வைக்கவில்லை. என் கேள்வி இதுதான்: கணக்கைத் திருத்தியது மந்திரி, கடனை அள்ளிக்கொடுத்தது வெளிநாட்டு வங்கி, உதவி என்று வந்த பணத்தில் பெரும்பங்கு போனது பழைய கடனை அடைக்கவும் வங்கிகளைத் தூக்கி நிறுத்தவும். பழி மட்டும் எப்படி மதியம் கண்ணயர்ந்த கிழவன் தலையில் விழுந்தது?

எல்லாம் நல்ல மனிதர்கள் என்றும் சொல்லமாட்டேன். பஞ்சம் வந்தால் பக்கத்து வீட்டு அந்நியன்தான் காரணம் என்று கிளப்ப ஒரு கூட்டம் எங்கும் இருக்கும். அங்கே அதற்குப் பெயர் 'கிறிஸி அவ்கி', பொன் விடியல் என்று பொருள். 2012-இல் நாடாளுமன்றத்துக்குள்ளேயே வந்துவிட்டார்கள். அவர்கள் ஆட்கள் நம் நிறத்துக்காரர்களைத் தெருவில் அடித்தார்கள். இரண்டு வருஷம் நான் இருட்டிய பிறகு நிக்கேயா பக்கம் போகவில்லை. 2013 செப்டம்பரில் பக்கத்து ஊரான கெரட்சினியில் பாவ்லோஸ் ஃபிசாஸ் என்ற பாடகரைக் குத்திக் கொன்றார்கள். அவர் கிரேக்கரேதான். அதற்குப் பிறகுதான் ஊர் முழுக்கத் திரண்டது. 2020 அக்டோபரில் நீதிமன்றம் அதைக் குற்றக் கும்பல் என்று தீர்ப்பளித்தது. அந்தக் கெட்ட வருஷங்களில் சந்தைக்குப் போய்வர என் மனைவியோடு துணைக்கு நடந்தது யார் தெரியுமா? எதிர் ஃபிளாட் பாட்டி. அவள் உயரம் என் மார்பளவுகூட இல்லை.

இப்போது கிரீஸ் தேறிவிட்டது என்கிறார்கள். கடன் திட்டம் 2018 ஆகஸ்டில் முடிந்தது. வங்கிக் கட்டுப்பாடு 2019 செப்டம்பரில் முழுவதும் போனது. ஆனால் 2024 ஜூலை முதல் சில தொழில்களில் வாரம் ஆறு நாள் வேலைக்குச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. 2025 அக்டோபரில் நிபந்தனைகளோடு ஒரே நாளில் 13 மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்றும் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றிவிட்டார்கள். இதை நம் பத்திரிகைகளில் யாரும் கொட்டை எழுத்தில் போட்டதாகத் தெரியவில்லை. சோம்பேறிக் கதைக்கு இது ஒத்துவராதே.

போசனுக்கு இப்போது 84 வயது. மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது, வாரம் ஆறு நாள். போன மாதம் ஞாயிற்றுக்கிழமை நான் போன் செய்தபோது அவள்தான் எடுத்தாள். அப்பா தூங்குகிறார், ஐந்தரைக்கு மேல் கூப்பிடுங்கள் சீஃப் என்றாள். நம் ஊர்க் கணக்கில் அது எட்டு மணி. எட்டேகாலுக்குக் கூப்பிட்டுப் பேசினேன்.